அம்மப்பாவின் கடைக் குத்தியில் இனி இறைச்சி வெட்டலாமா?

களுவாஞ்சிக்குடியில் உங்கள் அம்மப்பா நடத்திய பலசரக்குக் கடையை இடிக்கப் போகிறார்கள். அதன் பின்விறாந்தையில் நின்ற இறைச்சி வெட்டும் குத்தியை நீங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள். இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம், கால் கிடையாது. மேலே நடுவில் குழி, விளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஒரு வெடிப்பு, எத்தனை தரம் கழுவினாலும் போகாத மணம். சாண்ட் பேப்பர் போட்டு வார்னிஷ் அடித்தால் சமையலறையில் பாவிக்கலாமா, என்ன மரம், எத்தனை வயது, என்ன விலை பெறும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியை இரண்டாம் தரம் வாசித்தபோது அதற்குள் வேறொன்று இருப்பது தெரிந்தது. அம்மப்பாவின் கத்தி விழுந்து விழுந்து உண்டான அந்தக் குழியை அழிக்கவும் உங்களுக்கு மனமில்லை, குத்தியைச் சும்மா மூலையில் நிறுத்தி வைக்கவும் மனமில்லை. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் குழியை வைத்துக்கொண்டு அந்த முகத்திலேயே இறைச்சி வெட்ட முடியாது. குழிதான் ஈரத்தையும் இரத்தத்தையும் பிடித்து வைக்கிற இடம். ஆனால் ஒரே அடிமரத்தில் அறுத்த குத்திக்கு இரண்டு முகம் உண்டு. கீழ்முகம் நல்ல நிலையில் இருந்தால் குத்தியைத் திருப்பி நிறுத்தி அந்த முகத்தில் வெட்டலாம். குழி அப்படியே கீழே இருக்கும்.

நான் ஓடாவி வேலை செய்கிறவன். கதவு, யன்னல், கட்டிலோடு சேர்த்து, காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரைக்கும் இறைச்சிக் கடைகளுக்கும் மீன் கடைகளுக்கும் குத்தி செய்து கொடுத்தும் தேய்ந்ததைச் சீவிக் கொடுத்தும் பல வருடப் பழக்கம். மரத்தைப் பற்றிச் சொல்வதைப் பெரும்பாலும் நம்பிக்கையோடு சொல்வேன். கிருமி பற்றிச் சொல்வது வாசித்துத் தெரிந்துகொண்டது. உங்கள் குத்தியை நான் பார்த்தது படத்தில்தான், தொட்டுப் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் புளி என்றே நினைக்கிறேன். படத்தில் நடுவில் கருஞ்சிவப்பாக, ஒழுங்கில்லாத உருவத்தில் வைரம், அதாவது முதிர்ந்த உள்மரம், தெரிகிறது. அதைச் சுற்றி மங்கிய மஞ்சளாக அகலமான வெளிறு, அதாவது வெளிப்பக்கத்து இளமரம். புளிக்கு அப்படித்தான் இருக்கும்: வைரம் சிறியது, ஓரம் கிழிந்த மாதிரிக் கோணலானது, வெளிறு நிறைய. பாலை என்றால் முழுக்கச் சிவந்து இன்னும் பாரமாக இருக்கும். முதிரை என்றால் சீவிய இடம் பொன் மஞ்சளாகப் பளபளக்கும். உறுதி செய்ய வேண்டுமானால் பக்கத்தில் ஒரு நகமளவு சீவி, நனைத்து, வெயிலில் பாருங்கள். அல்லது பக்கத்தில் உள்ள மரக்காலையில் வயதானவர் ஒருவரிடம் அந்தச் சீவலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒருவேளை முதிரையாக இருந்தால் சீவும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள், நீட்டுக் கை சட்டை போடுங்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொண்டு வரும்.

புளியைத் தேடி எடுத்ததற்குக் காரணம் பாரமும் இறுக்கமும் மட்டுமல்ல. அதன் இழை ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும், அதனால் கோடரி போட்டாலும் இலகுவில் பிளக்காது. இன்னொன்று, குத்தியைக் குறுக்கே அறுப்பதால் இழையெல்லாம் நிமிர்ந்து நிற்கும். தும்புத்தடியை நிமிர்த்திப் பிடித்து அதன் மேல் கத்தியைப் போட்டால் கத்தி தும்புகளுக்கு இடையில் இறங்கி வெளியே வரும், தும்பு அறுபடாது. குத்தியின் முகமும் அப்படித்தான். கத்தி முனை இலகுவில் மழுங்காது, மரமும் சிராய் சிராயாகக் கிளம்பாது. பலகையில் படுக்கையாக உள்ள இழை மேல் வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் இழையை அறுக்கும். அமெரிக்காவின் பழைய கடைகளில் இருந்த இறைச்சிக் கட்டைகளும் இதே முறைதான், ஆனால் அவை ஒரே மரத்தில் அறுத்தவை அல்ல. மேப்பிள் மரத்தைச் சிறு சிறு சதுரத் தூண்களாக அறுத்து, நிமிர்த்தி அடுக்கி, பசை போட்டு, சிலவற்றில் இரும்புக் கம்பி ஊடுருவ விட்டு முடுக்கியவை. இணையத்தில் நீங்கள் பார்த்த சுத்திகரிப்புக் காணொளிகள் அந்த வகைக்கானவை. அவற்றில் சொல்லும் எண்ணெயும் கழுவும் முறையும் உங்களுக்கும் பொருந்தும். வெடிப்பைப் பற்றிச் சொல்வது பொருந்தாது.

ஏனென்றால் முழு அடிமரத்தில் வெடிப்பு வருவது குறையல்ல, மரத்தின் இயல்பு. மரம் காயும்போது சுற்றளவுப் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகிற போக்கில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெளிவட்டத்துக்கு இடம் போதாமல் எங்காவது ஓரிடத்தில் பிரிந்துதான் ஆக வேண்டும். உங்கள் குத்தியில் ஒரே ஒரு பெரிய வெடிப்பு இருக்கிறது என்றால் அந்த இழுவிசை முழுவதும் அதிலேயே அடங்கிவிட்டது என்று அர்த்தம், அது நல்லது. கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் அது வாய் திறக்கும், மாரியில் மூடிக்கொள்ளும். நம்பவில்லை என்றால் வாயின் அகலத்தை ஒரு தடியில் குறித்து வைத்து, மாரி நடுவில் மறுபடி வைத்துப் பாருங்கள். கச்சானில் திறந்திருக்கும்போது அதற்குள் பிசினையும் மரத்தூளையும் குழைத்து இறுக்கி அடைத்தால், மாரியில் மரம் ஊதும்போது மூட இடமில்லாமல் வேறொரு பக்கம் பிளக்கும். வார்னிஷ் வேண்டாம் என்பதற்கும் இதே காரணம் பாதி. மேலே ஒரு தோல் மாதிரி நிற்கிற வார்னிஷ் கத்தி பட்டதும் செதிலாகப் பெயர்ந்து இறைச்சியோடு போகும். மீதமுள்ள இடத்தில் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் நிற்கும்.

மணத்துக்கு வருவோம். இதில் நீங்கள் சொல்லாத ஒரு விடயத்தை நான் கேட்க வேண்டும். பலசரக்குக் கடைக் குத்தியில் இறைச்சி மட்டுமா வெட்டினார்கள்? எங்கள் பக்கத்துக் கடைகளில் கருவாடும் அதே குத்தியில்தான் விழும். சுறாக் கருவாட்டையும் கட்டாக் கருவாட்டையும் கத்தியால் அரிய முடியாது, கொத்தத்தான் வேண்டும். அப்படியென்றால் மரத்துக்குள் இறங்கியிருப்பது கொழுப்பு மட்டுமல்ல, உப்பும். கண்டுபிடிப்பது சுலபம். கச்சான் காலத்தில் மேலே வெள்ளையாகப் பூக்கும், மாரியில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வியர்த்து நிற்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. இறைச்சிக்காரர்கள் கடை மூடும்போது கல்லுப்புப் போட்டுத் தேய்ப்பதும் உண்டு, அது நல்ல பழக்கம், ஈரத்தை உறிஞ்சிக் கிருமி பெருகுவதைத் தாமதப்படுத்தும். ஆனால் வருடக்கணக்கில் உப்பு ஊறிய மேல்முகம் சமையலறைக்கு வந்தால் ஒருநாளும் முழுதாகக் காயாது. தேசிக்காயும் மஞ்சள் தண்ணீரும் மேலே உள்ள மணத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். நிமிர்ந்த இழை வழியாகக் கொழுப்பு ஆழத்துக்கு இறங்கும். அது காறிப் போன மணம் கழுவுவதால் போகாது, அந்த மரத்தையே சீவி எடுத்தால்தான் போகும்.

கிருமியைப் பற்றிப் பயப்பட வேண்டிய அளவு எவ்வளவு? மரம் அசுத்தம், பிளாஸ்டிக் சுத்தம் என்று நீங்கள் எழுதியது அப்படியே சரியல்ல. அமெரிக்காவில் டீன் கிளைவர் என்ற நுண்ணுயிர் ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1994இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைச் சோதித்தன. மரப்பலகையில் விட்ட கிருமிகள் ஈரத்தோடு உள்ளே இறங்கின, அங்கே பெருகாமல் மெல்ல மெல்லச் செத்தன. கத்தி கீறிப் பழசான பிளாஸ்டிக் பலகையிலோ, குறிப்பாகக் கோழிக் கொழுப்பு பட்டிருந்தால், கையால் கழுவி அவற்றைப் போக்க முடியவில்லை. இது மரத்துக்குச் சாதகமான நல்ல சான்று. ஆனால் அவர்கள் சோதித்தது பலகைகளை. விரல் நுழையும் வெடிப்பும் தண்ணீர் தேங்கும் குழியும் உள்ள குத்தியை அல்ல. கீழே இறங்கிக் காய்ந்து செத்துப்போகும் என்பது முகம் காய்ந்தால்தான். எங்கள் வெக்கையில், 32 பாகைக்கு மேலே போகிற நாளில், பச்சை இறைச்சியை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. வெடிப்புக்குள் மாட்டிக்கொண்ட இறைச்சித் துண்டு ஒரு இரவு முழுக்க அங்கேயே இருக்கும்.

கிருமியை விட எனக்குப் பெரிய கவலை வேறு. குத்தி கறையான் பிடிக்காமல் இருக்க அடியிலும் பக்கத்திலும் கழிவு ஒயில் பூசுவது நம்மூரில் சாதாரணம். வாகனத்தில் கழற்றிய அந்தக் கறுப்பு ஒயில் மரத்துக்கு நல்லதாக இருக்கலாம், வயிற்றுக்கு அல்ல, கழுவி எடுக்கவும் முடியாது. கறையான் மருந்து அடித்திருந்தாலும் அப்படியே. முதலில் வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். பிறகு அடிப்பக்கத்தில் அரை அங்குல ஆழத்திலிருந்து சீவல் எடுத்துக் கொதிதண்ணீரில் போட்டு மணந்து பாருங்கள். மிருகக் கொழுப்பு மேலே கண் கண்ணாகத் திரளும். ஒயில் வானவில் நிறத்தில் மெல்லிய படலமாகப் பரவும், மணமும் காட்டிக் கொடுக்கும். இது ஒரு குறிப்புத்தான், இரசாயனப் பரிசோதனை அல்ல. ஒயில் இருப்பது தெரிந்தால், அல்லது சந்தேகம் தீராவிட்டால், அந்தக் குத்தியை உணவுக்கு எடுக்காதீர்கள். விறாந்தையில் நிறுத்திப் பூச்சாடி வையுங்கள். பக்கத்தில் பழைய பச்சைப் பெயின்ற் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக் கூடும். உலர்ந்தபடி சாண்ட் பேப்பர் போட்டு அந்தத் தூளை வீட்டுக்குள், அதுவும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள், பரப்பாதீர்கள். நனைத்துக்கொண்டு வெளியில் வைத்துச் சுரண்டுங்கள், சுரண்டியதைப் பொறுக்கிக் கட்டி எறியுங்கள்.

இவை இல்லை என்று தெரிந்தால் இனி வேலை. குத்தி ஏறத்தாழ 200 கிலோ வரும், புளி அவ்வளவு பாரம். நாலு பேர் இல்லாமல் சரிக்க வேண்டாம். சரித்துக் கீழ்முகத்தைப் பாருங்கள். ஈரத் தரையில் நின்றிருந்தால் ஓரத்து வெளிறு உளுத்திருக்கும், அது வழமை. உளியின் முனையால் குத்திப் பாருங்கள். வைரத்தில் அரை அங்குலத்துக்கு மேல் இறங்காவிட்டால் குத்தி பிழைத்தது. சிறு ஓட்டைகள் இருந்தால் கீழே ஒரு வெள்ளைக் கடதாசி விரித்து ஒரு கிழமை விடுங்கள். புதிதாக மாவு மாதிரித் தூள் விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. அப்படியென்றால் வெளிற்றைச் சுற்றிவர வாய்ச்சியால் செதுக்கி வைரத்துக்குக் கிட்ட வாருங்கள், வண்டு தின்பது வெளிற்றைத்தான். மருந்து அடிக்க வேண்டாம்.

கீழ்முகத்தில் ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் எடுத்தால் பெரும்பாலும் புது மரம் வந்துவிடும். செயின் வாள்காரரைக் கூப்பிடலாம், ஆனால் இரண்டு எச்சரிக்கை. முதலில் ஒரு காந்தத்தை மேலும் பக்கமும் தடவிப் பாருங்கள். கடைக் குத்தியில் தராசு கொளுவிய ஆணியும் முறிந்த கத்தி முனையும் இருக்கும், சங்கிலி அதில் பட்டால் ஆபத்து. இரண்டாவது, சங்கிலிக்கு ஊற்றும் ஒயில் வெட்டிய முகமெல்லாம் தெறிக்கும். அதனால் வாளைக் கால் அங்குலம் மேலேயே நிறுத்தி, மீதியைச் சீவுளியால் கையால் எடுக்க வேண்டும். நிமிர்ந்த இழையைச் சீவுவது கடினம். இரும்பை நன்றாகத் தீட்டி, முகத்தை ஈரத் துணியால் துடைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சீவ வேண்டும். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் விளிம்பு பிய்யும். விளிம்பைச் சுற்றி முதலிலேயே சரிவாகச் சீவிவிடுவது நல்லது. கடைசியில் நடு மட்டும் ஒரு நூல் உயர்ந்து நிற்கும்படி விடுவேன், தண்ணீர் ஓடிவிடும். இதைச் சொல்லும்போது உங்கள் பொறுமையைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படுகிறேன், ஆனால் அவசரப்பட்டு மின் உராய்வு இயந்திரத்தை வைத்து அழுத்தினால் முகம் கருகிப் பளபளக்கும், பிறகு எண்ணெய் இறங்காது.

வெடிப்பு கீழ்முகம் வரைக்கும் வந்திருந்தால் அதே புளியில் மெல்லிய ஆப்பு ஒன்று சீவி, ஒரு பக்கத்துக்கு மட்டும் தண்ணீர் தாங்கும் பசை தடவி இறக்குங்கள். மற்றப் பக்கம் பசை இல்லாமல் இருந்தால் மரம் அசைய இடம் இருக்கும். இதை மாரி முடிந்து மாசி பங்குனியில் செய்வது உசிதம், அப்போது மரம் நடுத்தரமாக இருக்கும். வெடிப்பு பெரிதாகப் போகும் என்று பயமாக இருந்தால் இரும்புப் பட்டம் போடலாம். கொல்லர் வண்டிச் சில்லுக்குப் பட்டம் போடுவது போலத்தான்: குத்தியின் சுற்றைவிடச் சற்றுச் சிறிதாக வளைத்து, காய்ச்சி இறக்கி, குளிர்ந்து இறுகவிடுவது. இதைக் கச்சானில் போட வேண்டும். மாரியில் ஊதி நிற்கும் குத்திக்குப் போட்டால் ஆடியில் பட்டம் தானாகக் கழன்று விழும். உப்பு ஊறிய குத்தி என்றால் இரும்பு துருப்பிடிக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

எண்ணெய்க்கு நான் பாவிப்பது பாமசியில் விற்கும் லிக்விட் பரஃபின். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மருந்துதான், காறாது, மணமில்லை. சீவிய முகம் நன்றாகக் காய்ந்த பிறகு தாராளமாக ஊற்றி, குடிக்கக் குடிக்க மேலும் ஊற்றி, இனிக் குடிக்காது என்று ஆனதும் துடைத்துவிடுங்கள். முதல் கிழமை தினமும், பிறகு முகம் வெளிறித் தெரியும்போதெல்லாம். தேன்மெழுகு கிடைத்தால் நாலு பங்கு பரஃபினுக்கு ஒரு பங்கு மெழுகு உருக்கிக் கலந்து கடைசிப் பூச்சாகப் போடலாம். தேங்காய் எண்ணெய் நல்லெண்ணெயை விட மெதுவாகத்தான் காறும், அவசரத்துக்குப் பரவாயில்லை. நல்லெண்ணெய் வேண்டாம். ஹாட்வெயார் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் கட்டாயம் வேண்டாம். அது சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்தது. அதில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

பாவிக்கத் தொடங்கினால் முறை இதுதான். வெட்டி முடிந்தவுடன் சுரண்டி எடுங்கள், சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள், துடைத்துக் காற்றில் விடுங்கள். தண்ணீரில் ஊற விடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். கோழி வெட்டிய நாளில், கழுவிய பிறகு, 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனையில்லாத பிளீச் கலந்து ஊற்றிச் சில நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கழுவாத முகத்தில் பிளீச் ஊற்றுவது வீண், அழுக்கே அதைத் தின்றுவிடும். பிளீச் உள்ள இடத்தில் தேசிக்காயோ வினாகிரியோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். நம் வீடுகளில் இரண்டும் ஒரே நேரத்தில் கையில் இருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சமைக்காமல் தின்னும் சம்பல், சலாது வகைகளை இந்தக் குத்தியில் அரிய வேண்டாம், அதற்குத் தனிப் பலகை வையுங்கள். குத்திக்குக் கீழே ஒரு அங்குல உயரத்தில் மூன்று மரத்துண்டு வைத்தால் கீழே இருக்கிற அம்மப்பாவின் குழி உள்ள முகத்துக்கும் காற்றுப் போகும், மாரியில் பூஞ்சணம் பிடிக்காது. திருப்புவதற்கு முன் அந்தக் குழியை மேலாகச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒரு தரம் பரஃபின் தடவினால் போதும். அதைச் சீவ வேண்டாம்.

வயதைப் பற்றி: 1978 கார்த்திகைச் சூறாவளியில் விழுந்த மரம் என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நடந்திருக்கக் கூடியதுதான். ஆனால் குத்தியைப் பார்த்து நான் அதை ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல முடியாது. குளிர்நாட்டு மரம் போல வருடத்துக்கு ஒரு வளையம் என்று தெளிவாக எண்ண நம் புளியில் இயலாது. கீழ்முகத்தில் இரண்டு பேர் இழுத்த வாளின் நெருங்கிய மெல்லிய கோடுகள் தெரிகிறதா, செயின் வாளின் கரடு தெரிகிறதா என்று சீவுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். கைவாளாக இருந்தால் பழசு என்பதற்கு ஒரு சாட்சி, அறுத்த வருடத்தைச் சொல்லாது. அதைவிடக் கடைத்தெருவில் அம்மப்பாவோடு பழகிய கிழவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் கேட்பதே மேல்.

விலை சொல்ல மாட்டேன். மேப்பிள் கட்டைகளுக்கு வெளிநாட்டில் போடும் விலையை வைத்து இதைக் கணக்கிடாதீர்கள், இங்கே அப்படி ஒரு நிலையான சந்தை இல்லை. பழைய மரச் சாமான் தேடி வருகிறவர்கள் குழியும் வெடிப்பும் உள்ளபடியேதான் கேட்பார்கள். ஆகவே விற்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் சீவுளியை எடுக்க முன் அதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் காட்ட வேண்டும். வீட்டுப் பாவனைக்கு நான் சொன்னது போதும், வியாபாரத்துக்கு அவர் சொல்வதுதான் முடிவு. கீழ்முகத்தின் படத்தையும், கொதிதண்ணீரில் போட்ட சீவல் எப்படி மணந்தது என்பதையும் இதன் கீழே எழுதுங்கள். எவ்வளவு ஆழம் எடுக்க வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.